ஒழுகும் இடமும் ஊறும் இடமும்

நெய் என்னும் சொல் இன்று நம் அடுக்களையில் பசுநெய் ஒன்றையே குறிக்கிறது. பண்டு அது வழவழப்புடைய உருகு பொருள் பலவற்றுக்கும் பொதுப்பெயராய் வழங்கியது. எள்ளிலிருந்து பெற்ற நெய் எள்நெய். அதுவே எண்ணெய் ஆயிற்று. பின்னர் அந்தப் பெயர் எள்ளை மறந்து ஊர் சுற்றப் புறப்பட்டது. தேங்காயில் ஆட்டியதும் எண்ணெய். வேப்பங்கொட்டையில் ஆட்டியதும் எண்ணெய். நிலத்தடியிலிருந்து எடுத்துக் காய்ச்சி வடித்ததோ மண்ணெண்ணெய். கடைசியாகச் சொன்னதன் பெயரில் மண் உண்டு, எள் உண்டு, நெய் உண்டு; புட்டியில் இம்மூன்றில் ஒன்றும் இல்லை. ஓரிடத்தில் பிறந்து, வழிநெடுகப் படர்ந்து, முற்றிலும் வேறோர் இடத்தில் வந்து நிற்பது எண்ணெய் என்ற சொல்லின் வரலாறு மட்டுமன்று. எண்ணெய் என்ற பொருளின் இயல்பும் அதுவே. இயந்திரத்தில் எண்ணெய் ஒழுகும்போது இவ்வியல்பை மறந்தவர் கைப்பொருளை இழப்பர். சில வேளைகளில் அதனினும் பெரியதை இழக்க நேரும்.

பெயரிலேயே நெய்யை ஏந்திய ஆறு ஒன்று எங்கள் பக்கத்தில் ஓடுகிறது. அகத்தியமலைப் பகுதியில் தோன்றிப் பூவாற்றின் அருகே அரபிக்கடலில் கலக்கும் நெய்யாறு அது. அதன் கரையில் நெய்யாற்றின்கரை, தெற்கே பாறசாலை, அங்கிருந்து இஞ்சிவிளையைக் கடந்தால் தமிழ்நாட்டுக் களியக்காவிளை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தில் விழுந்தது, நாவில் விழவில்லை. இங்குள்ள பட்டறைகளில் தமிழும் மலையாளமும் ஒரே ஸ்பேனரைப் பிடித்து வேலை செய்கின்றன. எண்ணெயை மலையாளத்தார் ‘எண்ண’ என்பர். அது ஒழுகுவதைச் ‘சோர்ச்ச’ என்பர். கண்ணீர் சோர என்று நாம் எழுதும் அதே சோர்தல்தான் அது. தமிழிலும் இதற்குச் சொற்கள் பல. மேற்பரப்பில் ஈரம் பூத்து நிற்பது கசிவு. அது கோடாக இறங்குவது ஒழுக்கு. நுனியில் திரண்டு நிலத்தில் விழுவது சொட்டு. நோயை ஆராய்பவன் காண வேண்டியது கசிவை. நம் கண்ணில் முதலில் படுவதோ சொட்டு. தொல்லையெல்லாம் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

என் தாய்மாமன் மும்பையில் நெடுங்காலம் பணியாற்றி, எழுபதை நெருங்கும் வயதில் பாறசாலைக்கு அருகிலுள்ள பழைய வீட்டுக்குத் திரும்பியவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்தவற்றுள் பெரிதாக மதிப்பது, 1970களில் செய்யப்பட்ட பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிள் ஒன்று. சிலிண்டர்கள் இரண்டும் இரு பக்கமும் கைகளை விரித்தாற்போல் நீண்டிருக்கும். பின்சக்கரத்தை இழுக்கச் சங்கிலி இல்லை, சுழல்தண்டு உண்டு. வாரந்தோறும் மாமியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு களியக்காவிளைச் சந்தைக்குப் போய்வருவது மாமாவின் வழக்கம். இடவப்பாதி மழை தொடங்கிய ஒரு காலையில், ஓர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபோது பின்சக்கரம் வழுக்கி, வண்டி சாலைக்குக் குறுக்கே திரும்பி நின்றது. நல்லூழால் இருவரும் விழவில்லை. ஆனால் சக்கரத்தின் வளையத்திலும் டயரின் ஓரத்திலும் கரிய எண்ணெய் படிந்திருந்தது. அன்று முதல் மாமி வண்டியில் ஏறவில்லை. மாமாவும் அதைத் திண்ணையோரம் நிறுத்திவிட்டு, வருவோர் போவோரிடமெல்லாம் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சுழல்தண்டு புதுமையான ஒன்றன்று. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே தன் நான்கு சிலிண்டர் வண்டியில் அதை அமைத்தது. 1923இல் மாக்ஸ் ஃபிரிட்ஸ் வடிவமைத்த ஆர் 32 என்னும் வண்டியில் தொடங்கிய தண்டு, பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் எதிரெதிர்ச் சிலிண்டர் வண்டிகளில் இன்றும் தொடர்கிறது. நம் நாட்டில் பலரும் அறிந்த புல்லட், ஜாவா, ராஜ்தூத் ஆகியவை சங்கிலி வண்டிகளே. ஆயினும் சுதந்திரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் இங்கே பூட்டி விற்ற லாம்பிரெட்டா எல்.டி. ஸ்கூட்டரில் தண்டு இருந்தது. அதன்பின் வந்த எல்.ஐ. வகையில் சங்கிலி இடம்பெற்றது. ஆகவே தண்டு வண்டியைக் கையாண்டு பழகியவர்களை இன்று மூத்த மெக்கானிக்குகளிடையேதான் தேட வேண்டும்.

சங்கிலி வெளியே கிடந்து புழுதி உண்ணும், அடிக்கடி எண்ணெய் கேட்கும், நீளும். தண்டுக்கு அந்தக் குறைகள் இல்லை. அது மூடிய குழலுக்குள் தன்பாட்டில் சுழலும். ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. மாமாவின் வண்டியில் எண்ணெய் நான்கு தனித்தனிக் கலங்களில் இருக்கிறது. எஞ்சினில் சுமார் இரண்டேகால் லிட்டர் எஞ்சின் ஆயில். உலர்ந்த கிளச்சுக்குரிய அறையைத் தாண்டினால் கியர்பாக்ஸ்; அதில் 800 மில்லி கியர் ஆயில். அதன் பின்னே தண்டு சுழலும் குழல். அதில் 150 மில்லி. கடைசியில் பின்சக்கரத்தை ஒட்டிய கிரௌன் பினியன் பெட்டி. அதில் 250 மில்லி. ஒரே தெருவின் நான்கு வீடுகள்போல் இவை வரிசையாக நிற்கின்றன. எஞ்சினின் சுழற்சி நான்கு வீடுகளையும் ஊடுருவிச் செல்ல வேண்டும். ஒரு வீட்டு எண்ணெய் அடுத்த வீட்டுக்குள் நுழையக் கூடாது. சுழற்சிக்கு வழிவிட்டு எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் இந்தக் கடினமான காவலைச் செய்வது, ஆயில் சீல் என்னும் சிறு ரப்பர் வளையம்.

அவ்வளையத்தின் உதடு தண்டை மெல்லத் தழுவி நிற்கும். உதட்டைச் சுற்றியுள்ள நுண்ணிய கம்பிச்சுருள் அதை இறுக்கிப் பிடிக்கும். ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் ஊராருக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. நம் மரத்தில் வடியும் பாலிலிருந்து செய்யும் ரப்பர் இப்பணிக்கு உதவாது. பெட்ரோலிய எண்ணெயில் நனைந்தால் அது உப்பி வலுவிழந்துவிடும். ஆகவே ஆயில் சீல்களைப் பெரும்பாலும் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரால் செய்கின்றனர். அதற்கும் முதுமை உண்டு. ஆண்டுக்கணக்கில் வெப்பம் பட்டு உதடு காய்ந்து கெட்டியாகலாம். ஓயாத உராய்வால் தண்டிலேயே ஒரு பள்ளக்கோடு விழலாம். பேரிங் தேய்ந்து தண்டு தள்ளாடினால் உதடு அதைப் பின்பற்ற இயலாமல் போகலாம். இம்மூன்றும் இல்லாமல் நான்காவதாக ஒரு காரணமும் உண்டு. அது எளிதில் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

மாமா முதலில் நகரத்துப் பட்டறை ஒன்றை நாடினார். பெயர் இங்கு வேண்டா. வண்டியின் நடுவயிற்றில் சொட்டு விழுவதைக் கண்ட அளவிலேயே, கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கச் சீல் போய்விட்டது என்று அங்கே தீர்ப்பளித்தனர். அப்படிப் போவதும் உண்டுதான். ஆனால் அந்தச் சீலை அணுகக் கியர்பாக்சையும் கிளச்சையும் கழற்றியாக வேண்டும். கழற்றினர், மாற்றினர், நான்கு கலங்களிலும் மாமாவின் கண்முன்னே எண்ணெயை அளந்து நிரப்பினர். பதினான்காயிரம் ரூபாய்க்குப் பட்டியல் தந்தனர். மூன்று வாரம் கழிவதற்குள் அதே இடத்தில் சொட்டு. சக்கர வளையத்தில் அதே கறை. மறுமுறை போனபோது கிடைத்த அறிவுரையை மாமா என்னிடம் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது: “மக்களே, வண்டிய வித்திரச் சொல்லுதாவ.”

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே சாலையோரத் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரை எல்லாரும் ஆசான் என்றே அழைப்பர். விளவங்கோட்டுப் பக்கத்தில் வர்ம வைத்தியர்க்கு வழங்கும் மதிப்புப் பெயர் அது. இளமையில் லாம்பிரெட்டா எல்.டி. வண்டிகளில் கை பழகியவர் என்று அறிந்து, மாமாவும் நானும் வண்டியை அவரிடம் தள்ளிச் சென்றோம்.

“எங்க ஒழுகுது சாறே?” என்று கேட்டார்.

“நடுவிலும் பின்சக்கரத்திலும், ஆசானே.”

“அது விழுத எடம். நான் ஒழுகுத எடத்தக் கேட்டேன்.”

பிறகு வளையத்தில் இருந்த கறையை விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். “இதுக்கு எஞ்சின் ஆயிலுக்க மணம் இல்ல. கியர் ஆயிலாக்கும்” என்றார். கியர் ஆயிலில், பற்கள் ஒன்றையொன்று நசுக்கும் இடத்தில் உலோகத்தைக் காக்கக் கந்தகச் சேர்மங்களைக் கலப்பதுண்டு. அதனால் அதற்குக் காரமான ஒரு நாற்றம் வரும். ஓடிய எஞ்சின் ஆயிலிலோ கரியின் வாடையே மேலோங்கும். நான்கு கலங்களில் முதலாவது இந்த ஒரு மோப்பத்தில் பெருமளவு ஐயத்திலிருந்து விடுபட்டது. எஞ்சசிய மூன்றும் கியர் ஆயிலே. அங்கே மூக்கு உதவாது.

அடுத்து அவர் செய்தது துடைப்பு. மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு, எஞ்சின் அடிப்பகுதி முதல் பின்சக்கரம் வரை பழைய கறை ஒன்றும் இல்லாதபடி கழுவினார். சக்கர வளையத்தையும் டயரையும் சோப்பு நீரால் தனியே கழுவினார். காயவிட்ட பின், ஐயத்துக்குரிய இணைப்புகள் எல்லாவற்றிலும் குழந்தைகளுக்குப் பூசும் பவுடரைத் தூவினார். பழைய எண்ணெயின் மேல் புதிய எண்ணெய் ஓடினால் எது எங்கிருந்து வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. வெள்ளைப் பவுடரின் மேல் ஓடினால் அது தன் வழியைத் தானே எழுதிக் காட்டும். பின் பிரேக் பிடிக்கிறதா என்று முற்றத்திலேயே சோதித்துவிட்டு, மழையில்லாத பொழுதாகப் பார்த்து, ஆசானே வண்டியை மெதுவாக ஓட்டிச் சென்றார். ஐந்து கிலோமீட்டர் போய்வந்து பார்த்தார், ஒன்றும் இல்லை. பதினைந்து கிலோமீட்டர் போய்வந்து, கியர்பாக்ஸ் நன்கு சூடேறியபின் பார்த்தார்.

எஞ்சினும் கியர்பாக்சும் கூடும் இடத்தின் அடியில் பவுடர் வெண்மை மாறாமல் இருந்தது. நகரத்துப் பட்டறையின் தீர்ப்பு அங்கேயே அடிபட்டது. பின்சக்கரக் குடத்தைச் சுற்றியும் பவுடர் உலர்ந்தே இருந்தது. கியர்பாக்சின் முதுகையும் தண்டுக் குழலின் வாயையும் இணைக்கும் ரப்பர் உறை ஒன்று உண்டு. அதன் கீழ்விளிம்பில் மட்டும் ஒரு பயறளவு ஈரம். அங்கிருந்து மயிரிழைபோல் ஒரு கோடு குழலின் அடிவயிற்றைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் சென்று சக்கரத்தருகே முடிந்தது. வண்டி முன்னே ஓட, காற்று எண்ணெயைப் பின்னே தள்ளுகிறது. ஆகவே ஓடும் வண்டியில் கறைக்குக் கீழேயோ பின்னேயோ நோயைத் தேடுவது வீண். மேலேயும் முன்னேயும் தேட வேண்டும். நின்றபின் மிச்சம் நேரே கீழே சொட்டுகிறது. ஒரே ஊற்று, இரண்டு தடயம்.

ரப்பர் உறையை மாற்றினால் தீருமே என்று மாமா மகிழ்ந்தார். ஆசான் இசையவில்லை. வண்டி சூடாக இருக்கும்போதே கியர் ஆயில் உள்ள மூன்று கலங்களையும் தனித்தனிப் பாத்திரங்களில் வடித்தார். முழுதும் இறங்க ஒரு மணி நேரம் விட்டார். பின்னர் அளவுக் குவளையில் ஊற்றி அளந்தார். கியர்பாக்சில் 800 இருக்க வேண்டிய இடத்தில் 590 மில்லி. தண்டுக் குழலில் 150 இருக்க வேண்டிய இடத்தில் 300. கிரௌன் பினியன் பெட்டியில் ஏறக்குறைய 250, இருக்க வேண்டியபடியே. எஞ்சினின் அளவுகோலும் மேற்கோட்டையே காட்டியது.

“கணக்கு எழுதுத ஆளுல்லா சாறே, நீங்க கூட்டுங்க” என்றார் ஆசான்.

கூட்டினேன். ஒரு கணக்கில் 210 குறைவு. அடுத்த கணக்கில் 150 மிகை. வித்தியாசம் 60, சாலையிலும் சக்கரத்திலும் செலவு. பேரேட்டில் ஒரு தலைப்பில் வர வேண்டிய தொகை அடுத்த தலைப்பில் ஏறியிருந்தால் இரண்டையும் ஒப்பிட்டே தவறைப் பிடிப்போம். ஒன்றை மட்டும் எத்தனை முறை கூட்டினாலும் பிடிபடாது. கியர்பாக்சிலிருந்து தண்டு வெளியேறும் இடத்துச் சீல் எண்ணெயைக் குழலுக்குள் விடுகிறது. குழல் நிறைந்து ததும்பியது ரப்பர் உறையின் விளிம்பில் பிதுங்குகிறது. உறையின் பிழை ஏதும் இல்லை. அது தாங்க வேண்டாத பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

சீலை மாற்றலாமா என்று கேட்டோம். “சீலு போச்சுண்ணு தெரியுது. ஏன் போச்சுண்ணு தெரியண்டாமா?” என்றார். குழல் இணைப்பை அவிழ்த்து, தண்டை அசைத்துப் பார்த்தார். பேரிங்கில் ஆட்டம் இல்லை. சீல் தழுவும் இடத்தில் நகத்தை ஓட்டினார், பள்ளம் இல்லை. பிறகு யாரும் எதிர்பாராத ஓரிடத்துக்குப் போனார். கியர்பாக்சில் ஸ்பீடாமீட்டர் கேபிளைப் பிடித்து நிறுத்தும் ஒரு சிறு போல்ட்டைக் கழற்றி, வானத்துக்கு நேரே பிடித்துக் கண்ணருகே கொண்டுபோனார். ஒளி தெரியவில்லை.

மூடிய பெட்டி சூடேறினால் உள்ளிருக்கும் காற்று விரியும். முப்பது பாகையிலிருந்து தொண்ணூறு பாகைக்கு ஏறும்போது, வெளியேற வழியில்லாத காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். ஆகையால் ஒவ்வொரு கியர்பாக்சுக்கும் மூச்சுவிட ஒரு துளை வேண்டும். இவ்வகை வண்டிகளில் அத்துளை அந்தப் போல்ட்டின் நடுவிலேயே ஓடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் கேபிள் அறுந்தபோது, எங்கோ ஒரு பட்டறையில், தொலைந்த போல்ட்டுக்குப் பதிலாக வேறொன்றைப் பூட்டியிருக்கிறார்கள். அதே பருமன், அதே நீளம், அதே மரை. துளை மட்டும் இல்லை. மூச்சடைத்த பெட்டி ஒவ்வொரு பயணத்திலும் தன் எண்ணெயைச் சீலின் உதட்டின்மேல் அழுத்திக்கொண்டே இருந்தது. முன்பு நான் சொன்ன நான்காவது காரணம் இதுவே. சீலை மட்டும் மாற்றியிருந்தால் புதிய சீலும் அதே பாடு பட்டிருக்கும்.

மருத்துவன் முதலில் நோயையும், அடுத்து அதன் காரணத்தையும், அதன் பின்னரே தணிக்கும் வழியையும் ஆராய வேண்டும் என வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்த வரிசையை நாம் மேடைதோறும் பேசுகிறோம். தகரக் கொட்டகையில் அவ்வரிசை சிறிதும் பிறழாமல் நடந்ததைக் கண்டேன். நகரத்தில் மூன்றாவதிலிருந்து தொடங்கினர்; அவ்வளவே வேறுபாடு.

பரிகாரம் இரண்டு நாளில் முடிந்தது. உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு என்னும் மூன்று எண்களைக் கொண்டு திருவனந்தபுரத்துப் பேரிங் கடையில் பொருத்தமான சீல் கிடைத்தது. தண்டின் முனையைப் பிடித்திழுக்கும் கருவியை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம். அங்கேயே போல்ட்டின் நடுவில் துளையும் இட்டனர். அதற்குக் கூலி ஐம்பது ரூபாய். புதிய உறை, புதிய வாஷர், அளந்த எண்ணெய் என எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்தைத் தொடவில்லை.

இத்தகைய வண்டி வைத்திருப்போர்க்குச் சில சொற்கள். முதலில் உங்கள் வண்டியில் எண்ணெய்க் கலங்கள் எத்தனை என்று அறியுங்கள். 1987இல் வந்த பாராலீவர் அமைப்பைக் கொண்ட பி.எம்.டபிள்யூ. வண்டிகளில் தண்டுக் குழல் வறண்டே இருக்கும். அங்கே ஈரம் கண்டாலே ஏதோ ஒரு சீல் தவறியது என்று பொருள். டிஸ்க் பிரேக் வண்டியில் சக்கரத்தருகே ஈரம் கண்டால் ஒரு துளியை நீரில் இட்டுப் பாருங்கள். வழக்கமான பிரேக் திரவம் நீரோடு கலந்துவிடும், எண்ணெய் மிதக்கும். வடிதிருகின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறக் களிம்பு இருப்பது இயல்பு. செதில்கள் இருந்தால் பற்களையோ பேரிங்கையோ ஆராய வேண்டும். கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் நல்லது என்பதும் தவறு. மிகுந்த எண்ணெயும் சீலைத் தேடிச் செல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊற்று எதுவாயினும், டயரிலோ பிரேக்கிலோ எண்ணெய் பட்டிருந்தால் அது நீங்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

மாமா மறுபடியும் சந்தைக்குப் போகத் தொடங்கிவிட்டார். மாமியும் ஏறுகிறார். ஆனால் முந்தின இரவே வண்டியின் அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவைத்து, காலையில் குனிந்து பார்த்து, தாள் உலர்ந்திருந்தால் மட்டுமே ஏறுகிறார். ஆசானிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “அவியளுக்கு வண்டி பார்க்கத் தெரியும்” என்றார்.